வாசகர் கேள்வி – பதில்: ஒரு வெள்ளவத்தைக் கண்ணாடிப் பட்டறையிலிருந்து

ஆசிரியர் ஒரு தடித்த உறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "எல்லாவற்றுக்கும் வேண்டாம், பிடித்ததற்கு எழுதுங்கள்" என்றார். பிரித்துப் பார்த்தால் பாதிக் கடிதங்களில் ஒரே கேள்வி. அதற்கு ஒரே ஒரு முறை, விரிவாகக் கீழே பதில் எழுதியிருக்கிறேன். கண்ணாடி கனவில் உடைந்தால் என்ன பலன் என்று கேட்ட மூன்று பேர் என்னை மன்னிக்க வேண்டும். என் பட்டறையில் வாரத்துக்கு இரண்டு முறை நனவிலேயே உடைகிறது. பெருக்குவதைத் தவிர வேறு பலன் கண்டதில்லை.

கேள்வி: இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள், அக்கா? யாரிடம் கற்றீர்கள்?
– வாசகி, வத்தளை

அப்பாவிடம். கொட்டாஞ்சேனையில் அவருக்குப் படச்சட்டம் போடும் கடை இருந்தது. சுவாமி படம், கல்யாணப் படம், மாலை போட வேண்டிய படம் என்று மூன்று வகை. எட்டு வயதில் அங்கேதான் கண்ணாடி வெட்டப் பழகினேன். வெட்டுவது என்று சொல்கிறோமே தவிர, யாரும் கண்ணாடியை வெட்டுவதில்லை. சிறு சக்கரத்தால் மேலே ஒரு கோடு கீறி, அந்தக் கோட்டின் வழியே முறிக்கிறோம். சக்கரத்தை மண்ணெண்ணெயில் தோய்த்துவிட்டுக் கீறச் சொல்வார். அப்பா அதைக் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதுதான் அதிகம். நல்ல கீறல் பட்டுத்துணியைக் கிழிப்பதுபோல ஒரே சீராக ஒலிக்கும். கரகரத்தால் கை அழுத்திவிட்டது. சத்தமே வராவிட்டால் சக்கரம் தேய்ந்துவிட்டது. வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "அது போய்விட்டது, வேறு எடு" என்பார். ஒரு முறை கீறிய கோட்டின் மேல் மறுபடி கீறினால் காதைத் திருகுவார். அதில் நியாயம் இருக்கிறது. இரண்டாம் கீறல் சக்கரத்தையும் கெடுக்கும், முறிவையும் கோணலாக்கும்.

1983 ஜூலைக்குப் பிறகு கடை இல்லை. எனக்கு அப்போது 11 வயது. வெட்டும் கருவி மட்டும் அப்பாவின் சட்டைப்பையில் இருந்ததால் தப்பியது. இப்போது என் மேசையில் இருக்கிறது.

ஈயப்பற்று வைத்துக் கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் வேலையைப் பின்னாளில் கற்றேன். ஒரு தேவாலயத்து வண்ண யன்னலைப் பழுதுபார்க்க வந்தவரிடம் இரண்டு மாதம் உதவியாளாக நின்றேன். கூலி கிடையாது. மதியச் சாப்பாடு உண்டு.

கேள்வி: கண்ணாடி ஒரு திரவம், மிக மெதுவாக வழிகிறது, அதனால்தான் பழைய யன்னல்களில் அடிப்பக்கம் தடித்திருக்கிறது என்று எங்கள் விஞ்ஞான ஆசிரியர் சொன்னார். உண்மையா?
– 10ஆம் வகுப்பு மாணவன், கொழும்பு 6

ஆசிரியரிடம் மரியாதையாகச் சொல், தம்பி: இல்லை. கண்ணாடியின் அணுக்கள் உப்பு, சீனி போல வரிசைகட்டி நிற்பதில்லை, திரவத்தில் இருப்பதுபோலத் தாறுமாறாகவே உறைந்துவிடுகின்றன என்பது சரி. ஆனால் உறைந்தது உறைந்ததுதான். அறை வெப்பத்தில் அது கண்ணுக்குத் தெரிகிற அளவு வழிய வேண்டுமானால் பிரபஞ்சத்தின் வயது போதாது. பழைய கண்ணாடி ஒரே தடிப்பில் இல்லாததற்குக் காரணம் அதைச் செய்த விதம். குழாயால் ஊதி, உருளையாக்கி, பிளந்து, விரித்துத் தட்டையாக்கினார்கள். வேறு சிலர் சுழற்றிச் சுழற்றித் தட்டாக விரித்தார்கள். எப்படிச் செய்தாலும் ஒரு விளிம்பு தடித்துப்போகும். பொருத்துகிறவன் பாரமான பக்கத்தைக் கீழே வைப்பது வழக்கம். அவசரக்காரன் பொருத்திய யன்னலில் தடித்த பக்கம் மேலேயும் இருக்கும்.

பிரித்தானியாவின் பில்கிங்டன் நிறுவனம், உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுத் தட்டையாக்கும் முறையை 1959இல் அறிவித்தது. இன்று உன் வீட்டு யன்னலில் இருப்பது அநேகமாக அப்படி மிதந்து வந்த கண்ணாடி. அதன் ஒரு முகத்தில் வெள்ளீயத்தின் தடம் இன்னும் இருக்கிறது. இரத்தினக்கல் பார்ப்பவர்கள் வைத்திருக்கும் குற்றலைப் புறஊதா விளக்கை இருட்டில் காட்டினால் அந்த முகம் பால் பூத்தாற்போல ஒளிரும். உலையில் வளைக்கும்போது அந்த முகம் சில சமயம் புகை படிந்ததுபோல் மங்கிவிடுவதால், எது எந்த முகம் என்று பார்த்துத்தான் அடுக்குகிறேன். விளக்கு ஒரு கல் வியாபாரியிடம் இரவல் வாங்கியது. திருப்பிக் கொடுக்க வேண்டும், இரண்டு வருடமாகிறது.

கேள்வி: கேக் சுடும் அவணில் போத்தலைத் தட்டையாக்க முடியுமா?
– இல்லத்தரசி, தெஹிவளை

முடியாது. உங்கள் அவண் 250 பாகையோடு நின்றுவிடும். போத்தல் படுத்து நன்றாகத் தட்டையாக 750 பாகைக்கு மேல் வேண்டும். இரண்டு வேறு போத்தல்களை ஒன்றாக உருக்கும் ஆசையும் வேண்டாம். ஒவ்வொரு கண்ணாடியும் சூட்டில் விரிவதும் ஆறும்போது சுருங்குவதும் ஒவ்வோர் அளவு. இரண்டும் ஒட்டிக்கொண்ட பின் ஒன்று கொஞ்சம் கூடச் சுருங்கினால் அன்றைக்கே பிளக்கும், அல்லது மூன்று வாரம் கழித்து, யாரும் தொடாத நேரத்தில், அலுமாரிக்குள் இருந்தபடியே பிளக்கும். இரண்டாவது வகைதான் பொல்லாதது. அதற்குள் நீங்கள் அதை யாருக்காவது பரிசளித்திருப்பீர்கள்.

கேள்வி: சாதாரண யன்னல் கண்ணாடியில் செய்த ஒரு பழத்தட்டுக்கு 14,000 ரூபாய் சொல்கிறீர்கள். பேட்டையில் 900 ரூபாய்க்குக் கண்ணாடித் தட்டு கிடைக்கிறது. இது நியாயமா?
– கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, நீர்கொழும்பு, இன்னும் பல ஊர் வாசகர்கள்

900 ரூபாய்த் தட்டு நல்ல தட்டு. என் வீட்டிலும் அதில்தான் சாப்பிடுகிறோம்.

என் தட்டில் கண்ணாடியின் விலை மிகக் குறைவு. 4 மில்லிமீற்றர் கண்ணாடி இரண்டு வட்டம், நடுவே செப்புத் தகடோ உலர்ந்த இலையின் சாம்பல் தடமோ. கழுவித் துடைப்பதே அரை மணிநேரம். ஒரு விரல்ரேகை இருந்தாலும் அது சுடப்பட்டு நிரந்தரமாகிவிடும். பிறகு உலை. ஏறும்போது மெதுவாக ஏற வேண்டும். 820 பாகைக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் நின்றால் இரண்டும் ஒன்றாகிவிடும். பார்க்கிறவர்கள் இதைத்தான் வேலை என்று நினைக்கிறார்கள். இதற்குப் பின்னால் இருப்பதற்குத்தான் நான் காசு வாங்குகிறேன்: ஆறவிடுதல். 550 பாகைக்குக் கொண்டுவந்து அங்கேயே பிடித்துவைக்க வேண்டும், தட்டின் நடுவும் விளிம்பும் ஒரே சூட்டுக்கு வரும்வரை. பிறகு படிப்படியாக இறக்க வேண்டும். வெளிப்புறம் முந்திக்கொண்டு ஆறினால் உள்ளே இழுவிசை தங்கிவிடும். தடிப்பு இரண்டு மடங்கானால் ஆறும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. மறுநாள் காலை திறந்து எடுத்தால் கையில் இருப்பது ஒரு தட்டையான வட்டம். அதைத் தட்டாக வளைக்க அச்சின் மேல் வைத்து, இன்னோர் இரவு, இந்த முறை 700 பாகையளவில். மறுபடியும் ஆறவிடுதல்.

உலை 5 கிலோவாட். ஒரு சுடுதலுக்கு 20 முதல் 25 அலகு மின்சாரம். பத்துத் தட்டில் ஏழுதான் தேறும். அந்த மூன்றையும் வாங்குகிறவர் ஒருவர் இருக்கிறார் என்றால் அது நீங்கள்தான், ஐயா. ஏழின் விலைக்குள் மூன்றும் இருக்கிறது.

மின்வெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022இல் ஊர்களை எழுத்து வாரியாகப் பிரித்து, எந்தப் பிரிவுக்கு எப்போது மின்சாரம் போகும் என்று போட்ட பட்டியலைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணிநேரம் என்றானபோது பட்டியலைக் கிழித்துப்போட்டுவிட்டு உலையின் மேல் துணி காயப்போட்டேன். அந்தக் காலமாவது சொல்லிவிட்டு வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் மின்சாரம் போனது நினைவிருக்கும். அந்த நேரம் என் உலைக்குள் ஒரு தடித்த கிண்ணம் ஆறவிடும் கட்டத்தில் நின்றது, ஒரு கல்யாணப் பரிசுக்கான முற்பணம் வாங்கிய கிண்ணம். உலையைத் திறக்கவில்லை, போர்வைகளைச் சுற்றிவைத்தேன், தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது கிண்ணத்தின் குறுக்கே பாம்பு வளைந்தாற்போல ஒரு விரிசல். அவசரமாக ஆறிய கண்ணாடி அப்படித்தான் கையெழுத்துப் போடும். வாடிக்கையாளருக்குத் தொலைபேசியில், "குரங்கால் உடைந்துவிட்டது" என்றேன். அவர் இன்றுவரை நம்பவில்லை.

கேள்வி: கலா பொல தெருவோரக் கலைச் சந்தையில் உங்களைப் பார்த்தேன். கலைக்கூடக் கண்காட்சிகளில் காண முடிவதில்லையே? நீங்கள் செய்வது கலையா, கைவினையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தெஹிவளை

ஐயா, இந்தக் கேள்வியை இரண்டு மேசைகள் என்னிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டன.

முதல் மேசை, ஒரு கூட்டுக் கண்காட்சிக்கான தெரிவுக் குழு. இரண்டடி உயரத் தொங்கல் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். 61 துண்டுகள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் செப்பு நாடா சுற்றி, ஈயப்பற்று வைத்து இணைத்தது. ஒருவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது. கைவினைப் பிரிவு இங்கே இல்லையே" என்றார். இரண்டாம் மேசை, ஒரு கைவினைக் கண்காட்சியின் பதிவு மேசை. படிவத்தில் மரம், களிமண், பித்தளை, பிரம்பு, பத்திக் எல்லாம் இருந்தன, கண்ணாடி இல்லை. 'ஏனையவை' என்ற கட்டத்தில் அடையாளமிட்டேன். அங்கிருந்த பெண் விலையைப் பார்த்தார். "இதை எதற்குப் பயன்படுத்துவது?" என்றார். யன்னலில் தொங்கவிடுவது என்றேன். "அப்படியானால் இது கலை அல்லவா?" என்றார். ஒரே தொங்கல், ஒரே மாதம். அதை முச்சக்கர வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

ஒருமுறை கலைக்கூடத்திலும் வைத்தேன். இரண்டு ஓவியர்களோடு சேர்ந்து வாடகையைப் பங்கிட்டுக்கொண்டு ஒரு வாரம். கூடத்தின் பெயர் வேண்டாம், பிழை அவர்களுடையது மட்டுமல்ல. சுவர்கள் தூய வெள்ளை, விளக்குகள் கூரையிலிருந்து முன்பக்கமாக. ஓவியத்துக்கு அது போதும், அது தன் மேல் விழும் ஒளியைத் திருப்பித் தரும். வண்ணக் கண்ணாடிக்குப் பின்னால் ஒளி வேண்டும். முன்னாலிருந்து விளக்குப் போட்டால் அது கரும்பலகைதான். திறப்புவிழாவில் வந்தவர்கள் என் தொங்கல்களின் முன் நின்று தலைமயிரைச் சரிசெய்துகொண்டார்கள். ஒன்றும் விற்கவில்லை. விற்றிருந்தாலும் 40 சதவீதம் கூடத்துக்கு.

கலைக்கூடங்கள் மேல் கோபம் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். லயனல் வென்ட் கலையரங்குக்கு மாதத்தில் ஒரு தடவையாவது போகிறேன். வென்ட் புகைப்படக் கலைஞர், பியானோ வாசித்தவர், 1944இல் இறந்துபோனார். அதற்கு முந்திய வருடம் அவரும் ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல போன்றவர்களும் சேர்ந்து அமைத்ததுதான் '43 குழு. அக்காலத்துக் கலைச் சங்கத்தின் ரசனை தங்களுக்கு ஒத்துவராததால் தனியாகக் கண்காட்சி வைத்தார்கள். இன்று அவர்களுடைய படங்கள்தாம் இந்த நாட்டு நவீன ஓவியத்தின் அளவுகோல். தெரிவுக் குழு மேசையிலிருந்து திரும்பி வரும் நாட்களில் இதை நினைத்துக்கொள்வேன். பிறகு, அவர்கள் மேதைகள், நான் சும்மா பிடிவாதக்காரி என்பதையும் நினைத்துக்கொள்வேன்.

கலா பொலவைத் தொடங்கியது அதே கீற்றின் பெயரால் அமைந்த அறக்கட்டளை, 1993இல். வருடத்தில் ஒரு நாள், விஹாரமகாதேவி பூங்காவை ஒட்டிய கிறீன் பாத் நடைபாதை முழுவதும் ஓவியர்களும் சிற்பிகளும். பணக்கார வீட்டு அம்மா, கல்லூரி மாணவர், கடலை விற்கிறவர் எல்லோரும் ஒரே வரிசையில் நடப்பார்கள். சுவர் இல்லை, விளக்கு இல்லை. என் பொருளுக்குப் பின்னால் வானம் இருக்கிறது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். தேக்குச் சட்டம் ஒன்றை நட்டு, காலில் மணல் மூட்டை கட்டி, அதில் தொங்கவிடுகிறேன். ஒன்பது மணி வெயில் இலைகளுக்குள்ளால் விழும்போது நடைபாதையில் பச்சையும் மஞ்சளும் கிடக்கும். பிள்ளைகள் முதலில் தரையைத்தான் பார்ப்பார்கள். கைக்குழந்தை ஒன்று அந்த நிறத்தைப் பொறுக்கி எடுக்கப் பார்த்தது. அதற்கு நான் எந்தப் பிரிவு என்று கேட்கத் தெரியவில்லை.

சேதமும் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்மணி நண்பியைக் கண்டு சட்டென்று திரும்பினார். அவருடைய தோள்பையும் திரும்பியது. 40 மணிநேர வேலை. அவர் அழுதேவிட்டார், பணப்பையைத் திறந்தார். "பரவாயில்லை, அம்மா" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அன்றிரவு கணக்குப் பார்க்கும்போது அந்தப் பெருந்தன்மை உறுத்தியது. இப்போது யாராவது கொடுத்தால் பாதி வாங்கிக்கொள்கிறேன்.

கேள்வி: சிவப்புக் கண்ணாடி மட்டும் ஏன் அதிக விலை?
– வாசகர், கல்கிசை

பச்சைக்கு இரும்பு, நீலத்துக்குத் துளி கோபால்ட். சிவப்புக்குச் செலீனியமும் கட்மியமும், சில ரோஜா நிறங்களுக்கு உண்மையான பொன். அதுவும் சொன்னபடி கேட்காது. சில சிவப்புகள் உலைக்குள் மஞ்சளாகப் போய், சரியான சூடு கிடைத்தால்தான் சிவக்கும். கிடைக்காவிட்டால் கல்லீரல் நிறம். சிவப்புக் கிளி கேட்டவருக்கு ஒருமுறை மைனா கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டும் வேலையை வீட்டில் அவளோடு சேர்ந்து செய்யலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பசையால் ஒட்டுவதானால், விளிம்பு தேய்த்த துண்டுகளோடு, தாராளமாக. ஈயப்பற்று வேண்டாம். நான் பயன்படுத்தும் பற்றில் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம். ஈயம் புகையாய் வருவதைவிட விரல் வழியே வாய்க்குப் போவதுதான் பெரிய ஆபத்து, சிறுபிள்ளைகளின் மூளையைத்தான் அது முதலில் தேடும். என் பட்டறையில் தேநீர்க்கோப்பை நுழையாது. வேலைச் சட்டை வீட்டுத் துணிகளோடு துவைக்கப்படாது. பேரப்பிள்ளை வந்தால் பட்டறைக் கதவுக்குப் பூட்டு. அரைக்கும்போதும் ஈரமாகத்தான் அரைக்க வேண்டும், உலர்ந்த கண்ணாடித் தூள் நுரையீரலுக்குப் போனால் வெளியே வராது. உங்கள் மகளோடு ஞாயிறு மாலை கடற்கரைக்குப் போய்க் கடல் தேய்த்த கண்ணாடியைப் பொறுக்குங்கள். எங்கள் இரயில் பாதைக்கு அந்தப் பக்கமே பச்சையும் பழுப்பும் கிடைக்கும். அவற்றைக் கடல் இலவசமாகவே மழுங்கடித்து வைத்திருக்கிறது.

கேள்வி: கண்ணாடி மேல்நாட்டுக் கலைதானே? நம்மவர்களுக்கு அதில் என்ன மரபு?
– வாசகர், ஆட்டுப்பட்டித்தெரு

மன்னார்ப் பக்கம் மாந்தை, திருக்கேதீஸ்வரத்துக்கு அருகே. பழைய துறைமுகம். 1980களின் தொடக்கத்தில் அங்கே அகழ்ந்தார்கள், 1984இல் போரால் வேலை நின்றது. கிடைத்தவற்றில் ஏராளமான சின்னஞ்சிறு கண்ணாடி மணிகள். கடுகளவு, மிளகளவு. சூடான கண்ணாடியைக் குழலாக இழுத்து, நறுக்கி, மீண்டும் சுட்டு உருட்டியவை. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டிலும் இதே வகை மணிகள் செய்யப்பட்டன. இந்தியப் பெருங்கடல் முழுவதும் இவை போயிருக்கின்றன. கம்ப்யூட்டரில் சூட்டைக் கட்டுப்படுத்தும் உலையை வைத்துக்கொண்டு நான் பத்தில் மூன்றை உடைக்கிறேன். அவர்கள் விறகையும் கண்ணையும் நம்பி இலட்சக்கணக்கில் செய்திருக்கிறார்கள். ஆகவே 'மேல்நாட்டுக் கலை' என்பதைச் சற்று யோசித்து எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் வெள்ளவத்தை வீட்டின் முன்கதவுக்கு மேல் பச்சை, மஞ்சள் கண்ணாடி இருந்தது. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அந்தக் கண்ணாடி உங்களிடம் வந்திருக்குமா?
– வாசகர், ஸ்காபரோ, கனடா

அண்ணா, வந்திருக்கலாம். 2022இல் வெளிநாட்டு வண்ணக் கண்ணாடி இறக்குமதி செய்ய வழியில்லாமல் போனபோதுதான் இடிக்கிற வீடுகளின் பக்கம் திரும்பினேன். காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் இன்னும் இரண்டு வீடு, மூன்று வீடு என்று இடிபட்டுக்கொண்டிருக்கின்றன. ஒப்பந்தக்காரர்கள் முதலில் மரத்தைக் கழற்றுவார்கள், பிறகு ஓடு, பிறகு இரும்பு. கண்ணாடியைச் சுத்தியலால் தட்டிவிடுவதுதான் வழக்கம். இப்போது மூன்று பேருக்கு என் தொலைபேசி எண் தெரியும். "அக்கா, நாளை காலை உடைக்கிறோம்" என்று அழைப்பு வரும். விடியுமுன் போய்ச் சட்டத்திலிருந்து மக்குப்பசையைச் சுரண்டி எடுப்பேன். அந்தப் பசை கல்லாகியிருக்கும். ஒரு கண்ணாடிக்கு ஒரு மணிநேரம்.

மழைத்துளி புடைத்தது, அம்மிக்கல் கொத்தியது போன்றது, அலை அலையாக ஓடுவது என்று பல தினுசு. பச்சையும் தேன்மஞ்சளும் அதிகம், கருநீலம் அருமை. அவை எந்த நாட்டில் வார்த்தவை, எவ்வளவு விரியும் என்பதற்குக் குறிப்பு இல்லாததால் மற்றக் கண்ணாடியோடு உருக்குவதில்லை. ஆசைக்குச் சில துண்டுகளை உருக்கிப் பார்த்து, முனைவாக்கும் இரண்டு வடிகண்ணாடிகளுக்கு நடுவே பிடித்தேன். ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் தெரிந்தது. உள்ளே இழுவிசை இருக்கிறது என்று பொருள். அதனால் இவையெல்லாம் செப்பு நாடாவுக்கும் ஈயப்பற்றுக்கும்தான் போகின்றன.

ஒவ்வொன்றிலும் ஒழுங்கையின் பெயரை எழுதிய காகிதம் ஒட்டிவைக்கிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒழுங்கையிலிருந்து எடுத்த பச்சைத் துண்டு நான்கு இருக்கின்றன, மஞ்சள் இல்லை. எந்த வீட்டினது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு முன் ஒருவர், வேறொரு வீட்டுக்காக, "எங்கள் வீட்டினதுதான் என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புங்கள், அம்மா பார்த்தால் சந்தோஷப்படுவார்" என்று கேட்டார். பணமும் கூடத் தருவதாகச் சொன்னார். எழுதவில்லை. அந்த அம்மா இப்போது இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். எழுதியிருக்கலாமோ என்று சில நாட்களில் தோன்றும். ஆனாலும் உங்களுக்கும் எழுத மாட்டேன், ஒழுங்கையின் பெயரோடு துண்டை அனுப்புகிறேன். கொழும்பு வந்து திரும்பும் உறவினர் யாரையாவது சொல்லுங்கள். பெட்டியின் நடுவில், சேலைகளுக்குள் சுற்றி வைத்தால் உடையாது.

கேள்வி: உயர்தரம் எழுதிவிட்டேன். இதையே தொழிலாகச் செய்ய ஆசை. அம்மா சம்மதிக்கவில்லை. இதில் வாழ முடியுமா?
– வாசகி, மட்டக்குளி

உன் அம்மாவின் பக்கமும் கொஞ்சம் நின்று பதில் சொல்கிறேன், தங்கை. கண்காட்சியில் விற்பது என் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. மீதி எங்கிருந்து? சனிக்கிழமை வகுப்பு. உடைந்த விளக்குக் கூடுகள். குளியலறைக் கண்ணாடி அளவெடுத்து வெட்டுவது. சாமி அறைக் கதவுக்கு வண்ணத் துண்டு பதிப்பது, கார்த்திகை மாதத்தில் இதற்கு நல்ல கேள்வி. ஒரு ஹோட்டல் 30 விளக்கு மூடிகள் கேட்டது, காசு எட்டு மாதம் கழித்து வந்தது. அந்த எட்டு மாதமும் குளியலறைக் கண்ணாடிதான் சோறு போட்டது.

கண்காட்சிக்குப் போனால் பெரிய வேலையைப் படம் பிடிப்பார்கள், சின்ன மீனை வாங்குவார்கள். 2,500 ரூபாய் மீன் இருபது கொண்டுபோ. பெரியதையும் கொண்டுபோக வேண்டும், அதைப் பார்க்கத்தான் நிற்கிறார்கள். விலையை எழுதி ஒட்டு. கேட்கக் கூச்சப்பட்டுப் போகிறவர்கள் அநேகம். சில்லறை வைத்திரு. "நானே செய்துவிடுவேன்" என்று சொல்கிறவரிடம் சிரித்துக்கொண்டே வகுப்பு நேரத்தைச் சொல். என் மாணவிகளில் இருவர் அப்படி வந்தவர்கள்.

உலை வாங்கக் கடன் எடுக்காதே. முதலில் ஒரு சாதாரண கண்ணாடிக் கடையில் மூன்று மாதம் நின்று வெட்டிப் பழகு. பழைய சோனகத் தெருப் பக்கம் போனால் குறடு, சாணைக்கல், ஈயப்பற்று எல்லாம் கிடைக்கும், ஆறாயிரம் ரூபாய்க்குள் தொடங்கிவிடலாம். மூன்று மாதம் கழித்து ஓர் அடி நீளத்தை நேராகவும், ஒரு மாங்காய் வடிவத்தை முறியாமலும் வெட்டிக்கொண்டு வா. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, அவருக்கு என் மின்சாரப் பட்டியலைக் காட்டுகிறேன். அதைப் பார்த்த பிறகும் அவர் சம்மதித்தால் அது உண்மையான சம்மதம்.

கேள்வி: அடுத்த கலா பொலவில் உங்களை எங்கே தேடுவது?
– வாசகி, நுகேகொடை

இடம் வருடா வருடம் மாறும். கோறா, கண்டாங்கி, பழைய நைலக்ஸ் என்று சேலைக் குவியலுக்கு நடுவில் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் அது நான். எல்லாம் பொதி சுற்ற வந்தவை, விற்பனைக்கல்ல. போன முறை இருவர் விலை கேட்டார்கள், ஒருவர் பேரமும் பேசினார். காலையிலேயே வாருங்கள், வெயில் உச்சிக்கு ஏறிவிட்டால் நிறம் தரையில் விழாது. தோள்பையைக் கையில் பிடித்துக்கொண்டு வாருங்கள்.